பெட்ரோல் மூடி இல்லாத குருவி

என் காருக்கு எப்போது பசிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் மாலை நாலு மணிக்குள் பிழைத்தாக வேண்டும் என்று நாங்கள் பறந்துகொண்டிருந்த அந்த நவம்பர் மதியத்தில், டூரினுக்கு வெளியே மொன்காலியேரிக்குப் போகும் வழியில், அது சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு இரண்டு தடவை இருமியது. பங்கில் ஆள் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் டூரினில் பெட்ரோல் ஊற்ற ஆள் தேடுகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். நானே இறங்கி, நானே குழாயைப் பிடித்து, நானே நனைந்தேன்.

மேடம் இறங்கவில்லை. க்ளேலியா பெய்ரெத்தி மழையில் இறங்குகிற ரகம் இல்லை. எங்கள் துப்பறியும் நிலையத்தில் மொத்தம் இரண்டு அறைகள். ஒன்று அவருக்கு, இன்னொன்று பழைய ஃபைல்களுக்கு. நான், எல்வியோ, நடுவில் இருக்கிற வாசற்படிக்குச் சொந்தக்காரன். மேடம் யோசிப்பார், நான் பேசுவேன். என் பேச்சால் இதுவரை எந்தக் கேஸும் முடிந்ததில்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அதை வாபஸ் வாங்க வேண்டி வந்தது.

கேஸ் இதுதான். வல்தோரா கம்பெனியின் பாஸெரோ காரை, அதாவது எங்கள் ஊர் செல்லமாகக் குருவி என்று கூப்பிடுகிற அந்தச் சின்னக் காரை, புதிதாக வடிவமைக்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் குருவியில்தான் கார் ஓட்டக் கற்றார்கள், மீதிப் பேர் குருவியைத்தான் முதலில் இடித்தார்கள். என்னுடையதும் குருவிதான், மூன்றாவது தலைமுறை. புதுக் குருவியின் களிமண் மாதிரியைப் பூட்டிய அறைக்குள் வைத்துச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ அதைப் படம் எடுத்து ஒரு கார் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் படம் இணையத்தில் வந்தது. மதியத்துக்குள் என் முடிவெட்டுகிறவர் வரைக்கும் பார்த்துவிட்டுச் சபாஷ் போட்டார்.

கம்பெனி சபாஷ் போடவில்லை. படத்தில் இருந்த வடிவம் ஒர்ஸோலா திபால்தி என்ற டிசைனருடையது. அவருடைய சித்தப்பா மகன் அதே பத்திரிகையில் வேலை பார்க்கிறான். பாதுகாப்பு அதிகாரிக்கு இந்த இரண்டும் போதுமானதாக இருந்தது. நாலு மணிக்கு இயக்குநர்கள் கூடி அவரை வேலையை விட்டு நீக்கி, போலீஸில் புகாரும் கொடுக்கப் போகிறார்கள். அதற்கப்புறம் ஐரோப்பாவில் எந்தக் கார் கம்பெனியும் அந்தப் பெண்ணைக் கேட்டுக்குள் விடாது.

எங்களை அமர்த்தியவர் எர்மெதே கல்லேஸியோ, அந்தக் கம்பெனியின் டிசைன் பிரிவுத் தலைவர். காலையில் டூரினின் ‘போ’ என்ற வீதியின் வளைவுகளுக்குக் கீழே இருக்கிற ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். பாட்டில்கள் அடுக்கிய பெரிய கண்ணாடிக்கு முன்னால், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரே மடக்கில் காபியைக் குடித்தார். அழகான கம்பளிக் கோட்டு, வெளுத்த முகம். நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்ததுமே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தக் குருவி உங்களுதா? பின்கதவு கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். பிடரியில் கண் வைத்திருக்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். என் காரைக் குறை சொன்னதில் கோபமும் வந்தது. பதினோரு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன், என் கதவு எனக்குத் தெரியாதா?

அவர் கேட்டது சின்ன விஷயம்தான். பத்திரிகையில் இருக்கிற அந்தச் சித்தப்பா மகனைப் பிடித்து, ஒர்ஸோலா எதுவும் தரவில்லை என்று எழுதி வாங்கினால் போதுமாம். களிமண் அறைக்கெல்லாம் போகத் தேவையில்லையாம்.

"யார் செஞ்சாங்கன்னு நீங்க தேட வேண்டாம் மேடம். அவ செய்யலைன்னு மட்டும் காட்டுங்க, போதும்."

சித்தப்பா மகனைப் பிடித்தோம். அவன் எழுதிக் கொடுத்ததோடு அழுதும் காட்டினான். படம் பெயரில்லாத ஒரு முகவரியிலிருந்து ஆசிரியருக்கு நேராக வந்ததாம், அவனுக்கே மறுநாள்தான் தெரியுமாம். இதை வைத்துக்கொண்டு இயக்குநர்களிடம் போனால் சிரிப்பார்கள். சொந்தக்காரன் வேறு எப்படிச் சொல்லுவான்?

இந்த லட்சணத்தில்தான் நான் பங்கில் நனைந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் பெட்ரோல் குழாய், இன்னொரு கையில் போன், போனில் அந்தப் படம். நான் நின்றது என் காரின் வலது பக்கம். படத்திலும் புதுக் குருவி மூக்கை வலது பக்கம் நீட்டி, அதே வலது விலாவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், புதுக் குருவியில ஒரு பெரிய வசதி. இந்த மாதிரி மழையில நனைய வேண்டாம்."

ஜன்னல் ஒரு விரல் அளவுக்கு இறங்கியது. "ஏன்?"

"பெட்ரோல் ஊத்த ஓட்டையே வைக்கல. முன்டயர் வேற கோணலா இருக்கு. வாங்கி வீட்ல நிறுத்திப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

ஜன்னல் முழுதாக இறங்கியது. அதற்கப்புறம் கதவே திறந்தது. மேடம் மழையில் இறங்கி வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"திரும்பச் சொல்லு."

சொன்னேன். அவர் என் காரின் பெட்ரோல் மூடியைத் தொட்டுப் பார்த்தார். வலது பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே. அப்புறம் படத்தைப் பார்த்தார். அதே இடம், பின்சக்கரத்துக்கு மேலே, முட்டை மாதிரி வழவழப்பு.

"இடது பக்கம் மாத்தியிருப்பாங்களோ?" என்றார்.

"எப்படி மாத்துவாங்க? மேல இருக்கற தகடு மட்டும்தான் புதுசு, டாங்க், குழாய் எல்லாம் பழசுன்னு காலைல கல்லேஸியோவே சொன்னாரே. முதல் குருவியிலிருந்தே மூடி வலது பக்கம்தான்."

"அப்போ மூடி எங்கே போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நான் வண்டியைக் கிளப்புவது வழக்கம். மேடத்தின் கோட்டு நனைந்திருந்தது, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வல்தோராவின் டிசைன் கூடம் மொன்காலியேரி ஆற்றங்கரையில், கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டடம். கேட்டில் பாதுகாப்பு அதிகாரி பவுதீனோ எங்கள் போன்களை வாங்கி, கேமரா கண்ணின் மேல் ஆளுக்கொரு சிவப்பு வில்லையை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். அகலமான மனிதர், அதைவிட அகலமான நம்பிக்கை. விருந்தினர் அறை வரைக்கும்தான் எங்களுக்கு அனுமதி என்றும், அதுவே கல்லேஸியோ சொல்லிவைத்ததால்தான் என்றும், களிமண் அறை என்ற பேச்சே கூடாது என்றும் சொன்னார். இந்த வில்லை இருக்கும்வரை உள்ளே யாரும் படம் எடுக்க முடியாது, எடுத்த ஒரே ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்றார்.

நான் கழிவறை எங்கே என்று கேட்டுப் போனேன். வில்லையை நகத்தால் கிளப்பிப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது பவுதீனோவின் பரந்த முதுகை ஒரு படம் எடுத்து, மறுபடியும் வில்லையை அதன் இடத்தில் வைத்தேன். பிறகு போனை அவர் மேஜையில் வைத்துப் படத்தைக் காட்டினேன்.

"நல்ல முதுகு சார். இயக்குநர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பட்டுமா?"

அவர் முகம் நிறம் மாறுவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு தானே முன்னால் நடந்தார்.

களிமண் அறைக்குள் நல்ல சூடு. கந்தகமும் மெழுகும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நடுவில் இரும்புத் தட்டின் மேல் புதுக் குருவி நின்றது. கண்ணாடி இல்லை, இருக்கை இல்லை, முழுக்கப் பழுப்பு நிற மண். சக்கரங்கள் மட்டும் நிஜம். நான் இடது பக்கத்திலிருந்து பார்த்தபோது அது பத்திரிகையில் வந்த கார்தான். இடுப்பில் ஒரே கோடு, விளக்கிலிருந்து வால் வரைக்கும் இழுத்து விட்டிருந்தது. பார்த்ததும் ஒன்று வாங்க வேண்டும் போல இருந்தது, நிஜமாகச் சொல்கிறேன். மூக்கைச் சுற்றி மறுபக்கம் வந்தேன். அது வேறு கார். கோடு இல்லை, தட்டையான கதவு, தூங்குகிற கண் மாதிரி விளக்கு.

"என்ன மேடம் இது, பாதி மீசை எடுத்த மாப்பிள்ளை மாதிரி இருக்கு?"

அறையில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். கொர்ராதோ வஸ்கெத்தோ. முப்பது வயசு, கழுத்தில் மெல்லிய சால்வை. அந்தத் தட்டையான வலது பக்கத்தின் சொந்தக்காரன், அதனால் என் உவமை அவனுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே விளக்கினான். ஒரு மண் மாதிரிக்கு ஆகிற செலவும் நேரமும் அதிகமாம். அதனால் எல்லாக் கூடங்களிலும் ஒரே மாதிரியில் இரண்டு பேருடைய வடிவங்களைச் செய்வார்களாம். இடது பக்கம் ஒர்ஸோலா, வலது பக்கம் இவன். முழுக் காராகப் பார்க்க வேண்டுமானால் அதற்குத்தான் கண்ணாடி என்று சுவரோரம் காட்டினான். ஆள் உயரத்துக்கும் மேல், காரின் நீளத்துக்கு, சக்கரம் வைத்த ஒரு நிலைக்கண்ணாடி. கீழ் மூலையில் ஒரு விரிசல் குறுக்கே ஓடியது.

விரிசல் விட்டதை ஏன் மாற்றவில்லை என்று மேடம் கேட்டார். பதில் பவுதீனோவிடமிருந்து வந்தது. மாற்ற வேண்டுமானால் யாராவது பழையதை வெளியே எடுத்துப் போட வேண்டும். எடுக்கும்போது அது உடைந்தால், உடைத்தவனுக்கு ஏழு வருஷம் விளங்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இந்தக் கூடத்தில் அதற்கு ஒருவரும் முன்வரவில்லை, அவர் உட்பட. இதைச் சொல்லும்போதே அவர் கை கோட்டுப் பையில் இருந்த சாவிக் கொத்தைத் தேடி, அபசகுனம் ஒட்டாமலிருக்க இரும்பைத் தொட்டது. என் கையும் மேஜையின் இரும்புக் காலைத் தொட்டதை ஒப்புக்கொள்கிறேன்.

மேடம் காரின் வலது பக்கம் போய்க் குனிந்தார். பின்சக்கரத்துக்கு மேல், மண்ணில் வட்டமாக ஒரு கீறல். பெட்ரோல் மூடி. இடது பக்கம் வந்தார். வழவழப்பு.

"எல்வியோ, அந்தப் படத்துல கார் எந்தப் பக்கம் பார்க்குது?"

"வலது பக்கம். நமக்குக் காட்டறது வலது விலா."

"ஆனா அந்த வடிவம் யாரோடது?"

எனக்கு உறைத்தது. ஒர்ஸோலாவின் வடிவம் வலது விலாவில் இல்லவே இல்லை. அந்த அறையில் எந்த மூலையில் நின்று எடுத்தாலும் அப்படி ஒரு படம் கிடைக்காது. ஒரே ஒரு வழியைத் தவிர.

பவுதீனோவும் நானும் கண்ணாடியை உருட்டிக்கொண்டு போய் இடது பக்கத்துக்கு எதிரே நிறுத்தினோம். நான் கொஞ்சம் ஓரமாக, காருக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடிக்குள் பார்த்தேன். அங்கே இருந்தது பத்திரிகையில் வந்த படம், அச்சு அசலாக. மூக்கு வலது பக்கம், மூடி இல்லாத விலா, கீழே விரிசல் குறுக்கே ஓடி முன்டயரைக் கோணலாக்கியிருந்தது. பங்கில் நான் அடித்த இரண்டு ஜோக்கும் கண்ணாடிக்குள் நின்று என்னையே பார்த்தன.

நான் வஸ்கெத்தோவின் பக்கம் திரும்பினேன். இவன்தான் என்று எனக்கு அப்போது நூற்றுக்கு நூறு நிச்சயம். ஒர்ஸோலா போனால் யாருக்கு லாபம்? இந்தச் சால்வைக்குத்தான்.

மேடம் அவனிடம் மெதுவாகத்தான் கேட்டார். "படம் திரும்பியிருக்குன்னு நீங்க எப்போ கவனிச்சீங்க?"

"பார்த்த உடனே."

"ஏன் சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கல. நான் ஏன் வலிய போய் அவங்களைக் காப்பாத்தணும்?" சால்வையைச் சரிசெய்துகொண்டான். "இதுல என்ன கண்டுபிடிப்பு இருக்கு மேடம்? இந்த மண்ணுல கை வச்ச யாருக்கும் முதல் பார்வையிலேயே தெரியும்."

அவனை ஓர் அறை அறைய வேண்டும் போல் இருந்தது. ஆனால் மேடம் அவனைப் பார்க்கவே இல்லை. எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டு வேகமாக வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"அவன்தானே மேடம்? அவனை விட்டுட்டு எங்கே போறோம்?"

"திருட வந்தவன் அவசரத்துல இருப்பான். நாலடி நடந்தா காரையே நேரா எடுக்கலாம். எதுக்குக் கண்ணாடியை எடுக்கணும்? அதுவும் விரிசல் விட்ட கண்ணாடியை?"

"அதான் எனக்கும் புரியல."

"அதை விடு. அவன் கடைசியா சொன்னதைக் கேட்டியா? மண்ணுல கை வச்ச யாருக்கும் தெரியும். அப்போ ஒர்ஸோலாவுக்கும் தெரியும்."

நான் நடையை நிறுத்திவிட்டேன். தெரிந்திருந்தால் அந்தப் பெண் ஏன் வாயைத் திறக்கவில்லை? இந்தப் படம் கண்ணாடியில் எடுத்தது, யார் இப்படி எடுப்பார்கள் என்று பாருங்கள் என ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் விசாரணையே வேறு பக்கம் போயிருக்கும்.

அவரை மாடியில், ஆளெடுப்புப் பிரிவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைத்த முடி, நக இடுக்கில் பழுப்பு மண். மேஜையில் யாரோ வாங்கி வைத்த முக்கோண சாண்ட்விச் பிரிக்கப்படாமல் கிடந்தது. எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். பயந்த முகமில்லை அது. யாரையோ எதிர்பார்த்து, வந்தது நாங்கள் என்று தெரிந்ததும் வாடிப்போன முகம்.

மேடம் உட்காராமலேயே கேட்டார். "குருவிக்குப் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். எப்பவும்."

"படத்துல?"

அவர் மண் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும். யாருன்னும் தெரியும்."

"எடுக்கறப்போ நான் யாரையும் பார்க்கல மேடம். பார்க்காதபோது யார் பேரையும் சொல்ல மாட்டேன்."

"நாலு மணிக்கு உங்க வாழ்க்கையே போயிடும்."

"மணி இன்னும் ஆகலையே" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். தியாகி வேஷம் போட இதுவா நேரம், இந்தம்மாவைக் காப்பாற்றவே முடியாது, வாருங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றேன். மேடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இயக்குநர்களின் கூட்ட அறை இருக்கிற நடைக்கூடத்தை நோக்கிப் போய்க்கொண்டே, காலையில் காபிக் கடையில் நாம் உள்ளே நுழைந்தபோது கல்லேஸியோ என்ன சொன்னார் என்று கேட்டார்.

"என் கார் கதவு இறங்கியிருக்குன்னார். திரும்பிக்கூடப் பார்க்காம."

"திரும்பிப் பார்க்காம எப்படித் தெரிஞ்சுது?"

"பிடரியில…" என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றேன். பாட்டில்களுக்குப் பின்னால் இருந்த பெரிய கண்ணாடி ஞாபகம் வந்தது. அந்த மனுஷன் தெருவை, என் காரை, எங்களை, எல்லாவற்றையும் அதற்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைக்கூடத்தின் கோடியில் எர்மெதே கல்லேஸியோ நின்றார். வெளியே மழை இருட்டு, உள்ளே விளக்கு வெளிச்சம், அதனால் எதிரே இருந்த ஜன்னலே முகம் பார்க்கும் கண்ணாடியாகியிருந்தது. எங்கள் பக்கம் முதுகு. ஆனாலும் நாங்கள் நெருங்குவதற்கு முன்பே, "வந்துட்டீங்களா? எழுதி வாங்கிட்டீங்களா?" என்றார், ஜன்னலில் எங்கள் உருவத்தைப் பார்த்து.

மேடம் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "நீங்க எதையுமே நேரா பார்க்க மாட்டீங்களா?"

அவர் லேசாகச் சிரித்தார். "தொழில் பழக்கம். ஒரு வடிவத்தை நேரா பார்த்துட்டே இருந்தா கண்ணு அதுக்குப் பழகிடும். தப்பு தெரியாது. கண்ணாடியில பார்த்தா புதுசாத் தெரியும், எங்கே கோணல்னு உடனே பிடிபடும். முப்பது வருஷமா நான் எந்தக் காரையும் அப்படித்தான்…"

வாக்கியத்தை முடிக்கவில்லை. ஜன்னலில் தெரிந்த மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"போட்டோவும் அப்படித்தான் எடுப்பீங்க. எடுத்தது திரும்பியிருக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்ல. உங்க கண்ணுக்கு அதுதான் நேரான கார்."

அவர் எதையும் மறுக்கவில்லை. எனக்கு அதுவே அதிர்ச்சி. எங்களை அமர்த்தியவரே, எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தவரே திருடர். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். இயக்குநர்கள் வஸ்கெத்தோவின் பக்கத்தைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரிந்துவிட்டதாம். தட்டையான தகடு, அச்சில் அழுத்தி எடுக்கிற செலவு மிச்சம். ஒர்ஸோலா போட்ட கோடு மாதிரி ஒன்றை அவர் தன் வாழ்நாளில் போட்டதில்லையாம். ஊர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டால், பார்த்து ஆசைப்பட்டுவிட்டால், அப்புறம் எந்த இயக்குநராலும் அதை மறுக்க முடியாது என்று நினைத்தாராம். ஊர் ஆசைப்படவும் செய்தது. பழி அவள் மேல் போய் விழும் என்றுதான் நினைக்கவில்லை.

"அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். வெளியாள் யாரோன்னு ஆகிட்டா, அவளும் தப்பிச்சிருவா, நானும்…"

"நீங்களும்" என்றார் மேடம்.

கூட்ட அறைக் கதவு திறந்து ஒரு செயலாளர் தலையை நீட்டி, திருமதி திபால்தியை இன்னும் சற்று நேரத்தில் அழைப்போம் என்று சொல்லிவிட்டு மூடினார். கல்லேஸியோ மேடத்தைப் பார்த்து, அதாவது ஜன்னலில் இருந்த மேடத்தைப் பார்த்து, நீங்கள் என் ஆள், என்னைக் காட்டிக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார்.

"உண்மைதான். நீங்க எங்க க்ளையன்ட். நான் உள்ளே போய் ஒரு வார்த்தை பேச முடியாது."

"நான் பேசலாம்" என்றேன். "எனக்குக் காபி மட்டும்தான் வாங்கித் தந்தாரு. அதுவும் சர்க்கரை கம்மி."

"நீ சும்மா இரு, எல்வியோ." மேடம் கல்லேஸியோவிடம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அந்தப் படம் திரும்பியிருக்குன்னு மண்ணுல கை வச்ச யாருக்கும் தெரியும்னு வஸ்கெத்தோ சொன்னான். அவளோட சொந்தக் கோடு அது. அவளுக்குத் தெரியாதா? இந்தக் கூடத்துல எதையும் கண்ணாடியில மட்டுமே பார்த்து வேலை செய்யற ஆள் யாருன்னு அவளுக்குத் தெரியாதா?"

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது அவர் முகம் அப்படியே இடிந்து விழுந்ததை நான் ஜன்னலில் பார்த்தேன். அப்போதுதான் அவர் திரும்பினார். நேராகத் திரும்பி, முதல் தடவையாக எங்கள் கண்களைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"திங்கட்கிழமையிலிருந்து."

கல்லேஸியோ கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்த வழியாக இறங்கினால் கேட், கேட்டைத் தாண்டினால் ஊர். போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன். கல்லேஸியோ கூட்ட அறைக் கதவைத் தட்டாமலேயே திறந்து உள்ளே போனார்.

கதவு மூடியதும் ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. நல்ல கனமான கதவு. ஒர்ஸோலாவைக் கூட்டிக்கொண்டு பவுதீனோ வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. உள்ளே யார் என்று கேட்டார். மேடம் சொன்னார். ஒர்ஸோலா கண்ணை மூடிக்கொண்டார்.

கல்லேஸியோ வெளியே வந்தபோது கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை இல்லை. பின்னாலேயே செயலாளர் வந்து, தங்கள் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, எந்த வடிவம் என்பதை வசந்தத்தில் முடிவு செய்வோம், தாங்கள் வேலைக்குத் திரும்பலாம் என்று ஒர்ஸோலாவிடம் ஒப்பித்துவிட்டுப் போனார். அந்தப் பெண் ஜெயித்துவிட்டார் என்று எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தில் யாரும் எதையும் ஜெயித்த மாதிரி இல்லை.

"ஒர்ஸோலா, தெரிஞ்சும் ஏன் சொல்லல? என்னைக் காப்பாத்தவா?"

"இல்ல" என்றார் ஒர்ஸோலா. "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் நீங்கதான்னு நினைச்சேன்."

ஒர்ஸோலா அவர் தோளைத் தொடப் போவது போல் கையைத் தூக்கி, மண் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"கார் ரோட்டுக்கு வர்றப்போ ஒரு தடவை வந்து பாருங்க. முதுகைக் காட்டிக்கிட்டு இல்ல, நேரா."

சொல்லிவிட்டுப் படியிறங்கிக் களிமண் அறைக்குப் போனார். கல்லேஸியோ நடைக்கூடத்திலேயே நின்றார். நாங்கள் விடைபெற்றது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வெளியே மழை விடவில்லை. மேடம் காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஏன் இவ்வளவு நேரமாக ஒரு ஜோக் கூட வரவில்லை என்று கேட்டார். எனக்கு நிஜமாகவே ஒன்றும் வரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் குருவியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பக்கத்தில் நின்ற லாரியின் பெரிய பக்கக் கண்ணாடியில் அது முழுதாகத் தெரிந்தது, நான் அதற்குள் பார்த்தேன்.

பின்கதவு இறங்கித்தான் இருந்தது.